வலச்செவியில் வேறொரு சுருதி

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இக்கட்டுரையில் எழுதுகிறேன். இப்படிச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சென்ற மார்கழியில் ஏறத்தாழ ஒரு வாரம் என் காது எனக்குப் பொய்ச்சான்று சொன்னது. நான் அதை நம்பினேன். என்னை நம்பிய பிறரும் அதை நம்பினார்கள். அதன்பின், என் காதால் கேட்டேன் என்ற ஒன்றை மட்டும் ஆதாரமாக வைத்து எதையும் உண்மையென்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆகவே, மருத்துவ அறிக்கைகளில் உள்ளவற்றையும், என் கணவரும் உடனிருக்கும்போது மருத்துவர் சொன்னவற்றையும், அருகில் இருந்த ஒருவரேனும் ஆமென்று ஒப்புக்கொண்டவற்றையுமே இங்கே தருகிறேன். என் அச்சங்களுக்கு மட்டும் வேறு சாட்சி இல்லை. அவற்றை அச்சம் என்றே குறிப்பிடுகிறேன்.

நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என் கணவருக்கு வேலை அணுபுரத்தில், வீடும் அங்கேதான். மகள் கயல் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வீட்டில் பாட்டுக் கேட்பவள் நான் ஒருத்தியே. என் கணவருக்குத் தெரிந்த பாட்டுகள் இரண்டு வகை: எழுந்து நிற்க வேண்டியது ஒன்று, உட்கார்ந்தே இருக்கலாம் என்பது மற்றொன்று.

கேட்பதில் எனக்குச் சில ஒழுங்குகள் உண்டு. காலையில் காப்பிக்கு டிக்காஷன் இறங்கும்வரை சுருதிப் பெட்டியை மட்டும் ஒலிக்கவிடுவேன். தம்பூராவின் நாதத்தை மின்சாரத்தால் எழுப்பும் சிறு பெட்டி அது. நான் பாடுகிறவள் அல்லள்; பிறர் முகம் கழுவிக்கொள்வதுபோல் நான் காதைக் கழுவிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் பேருந்தில் பழைய திரைப்பாடல்கள். அவற்றிலும், குரல் தொடங்குமுன் வயலின்கள் நெடுநேரம் காத்திருக்கும் பாடல்களே எனக்கு விருப்பம். வெள்ளிக்கிழமைகளில் நாகசுரம். விடுமுறைப் பிற்பகல்களில் ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு, அதில் நால்வர் பாடியதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பேன். கேட்கும்போது வேறு வேலை செய்வதில்லை. ஒரே பாட்டை ஒரே நாளில் இருமுறை கேட்பதும் இல்லை.

பேருந்தில் கேட்கும்போது வலச்செவியில் மட்டுமே ஒலிப்பானைச் செருகிக்கொள்வேன். நடத்துநர் கேட்பதும் பின்னால் வரும் வண்டியின் ஓசையும் தெரியவேண்டுமே என்பதற்காக இடச்செவியைத் திறந்து வைத்திருப்பேன். ஆண்டுக்கணக்கில் இப்படியே பழகியதில், இடச்செவி உலகத்துக்கும் வலச்செவி பாட்டுக்குமாகப் பிரிந்துபோயின.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாட்டு உண்டு. ஆனந்தபைரவியில் ஒரு பெண்குரல், மெதுவாக நகரும் விளம்ப காலம். வானொலியிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்ததை ஒரு சக ஆசிரியை எனக்குத் தந்தார். நாடாவின் மேலிருந்த சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பாட்டைக் கேட்டவர்களெல்லாம் பாடியவர் இன்னார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எதுவும் உறுதிப்படவில்லை, ஆகவே நானும் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. அந்தப் பாட்டை நினைத்தபோதெல்லாம் கேட்க மாட்டேன். ஆண்டில் சில முறைதான் கேட்பேன், அதுவும் மனம் தெளிந்திருக்கும் நாளில். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துவிடுமோ என்று பயம்.

அந்த மார்கழியில் ஒரு காலை, வலச்செவி அடைத்துக்கொண்டாற்போல் இருந்தது. குளத்தில் மூழ்கி எழுந்தால் சிறிதுநேரம் இருக்குமே, அதுபோல. சளி என்று நினைத்தேன். சுருதிப் பெட்டியைப் போட்டேன். ஆதார சுரமான சட்ஜம் ஒன்றே இரண்டாகக் கேட்டது. ஒன்று வழக்கமானது, மற்றொன்று அதற்குச் சற்று மேலே, ஒட்டாமல், தகரத்தில் உரசுவதுபோல். பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தேன். அதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு எழவில்லை.

என் கணவர் பெட்டியைச் செங்கல்பட்டில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். கடைக்காரர் அதைத் திறந்து பார்த்து, ஒலிக்கவிட்டுப் பார்த்துச் சொன்னதை என் கணவர் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தார்: "பொட்டி நல்லாத்தான் கீது சார். வேற யாருனா கேட்டுப் பாத்தாங்களா?"

"அவருக்குச் சுருதி தெரியாதுங்க" என்றேன்.

பேருந்தில் பாட்டும் கெட்டிருந்தது. ஒலிப்பான் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதையும் வலச்செவியிலேயே செருகினேன். கருவியை மாற்றினேனே தவிர, காதை மாற்றிப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாமல்லபுரத்தில் எங்கள் கச்சேரி இருந்தது. எங்கள் பகுதியில் பாட்டுக் கேட்போர் சிலர் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வளரும் கலைஞர்களைப் பாடச்செய்கிறோம். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் சேகர் அதை நடத்துகிறார். அவர் விளையாட்டாகத் தொடங்கி வழக்கமாகவே ஆகிவிட்ட ஒன்று உண்டு: பாடகர் சுருதி சேர்த்ததும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் கச்சேரி தொடங்கும். "டீச்சர் காது" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

அன்று பாட வந்தவர் நித்யா என்ற இளம்பெண். தம்பூராவைத் தாமே மீட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஆரம்பிக்கலாமா?" என்றார் சேகர்.

"கொஞ்சம் பொறுங்க. ஒட்டல."

"எது மேடம், பஞ்சமமா?" என்று நித்யா கேட்டார்.

"பஞ்சமம் இல்லம்மா. சட்ஜமே ரெண்டா கேக்குது."

அவர் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகினார். மீட்டினார். நான் தலையசைக்கவில்லை. மீண்டும் திருகினார். வயலின்காரரும் தம் தந்திகளை மாற்றத் தொடங்கினார். முன்வரிசையில் ஒருவர், "ஆமா, லேசா விலகத்தான் செய்யுது" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர், "நானும் அப்பவே நெனச்சேன்" என்றார். மற்றொருவர் ஒலிபெருக்கி வைத்தவரை அழைத்தார். அவர் வந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"மைக்கு நல்லாத்தான் கீது சார். காலைலகூட ஒரு வளகாப்புல ஓடிச்சி. இன்னாத்துக்கு சும்மா பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க?"

கூடத்தில் சிரித்தார்கள். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெற்றி வியர்த்திருந்தது. அதைப் பார்த்து மனமிரங்கியே தலையசைத்தேன். சுருதி சேர்ந்துவிட்டது என்பதற்காக அல்ல. கச்சேரி முழுதும் எனக்கு இருவர் பாடினார்கள். இந்தப் பெண் தேற மாட்டாள் என்று எண்ணி அமர்ந்திருந்தேன்.

திரும்பும்போது என் கணவர் காரை ஓட்டினார். ஓட்டுகிறவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவர் பேசுவது என் வலச்செவிக்குத்தான் வரவேண்டும். கடற்கரைச் சாலையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தைக் கடந்து வண்டி நிற்காமல் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்:

"ஏங்க, ஓட்டல்ல நிறுத்தியிருக்கலாமே. பசிக்குது."

"மூணு தடவை கேட்டேனே பத்மா. நீ வாயே தெறக்கல. பாட்டு சரியில்லைன்னு கோவமா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

அவர் என் தோளைப் பற்றிச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, வலப்பக்கமாகப் போய் நின்றார்.

"இடது காதப் பொத்திக்கோ." பொத்திக்கொண்டேன். சிறிது கழித்து என்னைத் திருப்பினார். "இப்ப என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலியே."

"ஒம்பேரச் சொன்னேன்" என்றார்.

சுருதிப் பெட்டியை எடுத்து முதலில் இடச்செவியருகே பிடித்தேன். ஒரே சட்ஜம், தூய்மையாக. வலச்செவியருகே பிடித்தேன். எங்கோ தொலைவில் வேறொரு சட்ஜம். பெட்டி சரியாகவே இருந்தது. கடைக்காரர் சரி, ஒலிபெருக்கி சரி, அந்தப் பெண்ணும் சரி.

மறுநாளே செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். காது மருத்துவர் விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். குறும்பி அடைத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். "காது சுத்தமா இருக்கு" என்றார். காது தூய்மையாக இருந்ததற்காக நான் வருந்தியது அன்று ஒருநாள்தான். பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் இரும்புக் கவை அது. அடைப்பினால் கேளாமை என்றால் ஒலி கேளாத பக்கம் சாய்ந்து கேட்குமாம். நரம்பின் குறை என்றால் நல்ல பக்கம் சாயுமாம். இந்த விளக்கத்தை அவர் பின்னால்தான் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"எந்தப் பக்கம் கேக்குதும்மா?"

"இடப்பக்கம்."

அவர் கவையைக் கீழே வைத்துவிட்டு, என் கணவரிடம் திரும்பி, "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். என்னைக் கேட்காமல் அவரைக் கேட்டது எனக்கு அச்சமூட்டியது.

அடுத்து கேள்திறன் சோதனை. சுவரெல்லாம் பஞ்சு பதித்த சிறு அறையில் உட்காரவைத்து, காதுக் கவசத்தின் வழியே மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் ஒரு சீரான இடைவெளி விட்டு ஒலியை அனுப்பினார். அந்தக் காலப்பிரமாணம் சிறிது நேரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த அடி எங்கே விழும் என்று என் விரலுக்குத் தெரிந்தது, அழுத்தினேன். கதவு திறந்தது.

"மேடம், நான் இன்னும் சத்தமே குடுக்கல. கேட்டா மட்டும் அழுத்துங்க" என்றார் அந்தப் பெண்.

"மன்னிச்சிருங்க. பழக்கம்."

"தெரிஞ்சே ஏமாத்தாதீங்க மேடம். அப்புறம் மருந்தும் ஏமாந்துரும்."

அதன்பின் அவர் இடைவெளிகளைக் கலைத்துப் போட்டார். நான் வெறும் நிசப்தத்தில் நெடுநேரம் காத்திருந்தேன். அந்த அறையில் தாளமில்லாமல் காத்திருந்தது, என் வாழ்க்கையில் நான் கேட்டவற்றிலேயே மிகக் கொடியது. வரைபடத்தில் இடச்செவிக்கான கோடு மேலே நேராக ஓடியது. வலச்செவிக்கான கோடு தொடக்கத்திலேயே தாழ்ந்து, மேல்சுரங்களை நெருங்க நெருங்கச் சரிந்துகொண்டே போயிற்று.

அறிக்கையில் எழுதியிருந்தது, திடீரென நேரும் செவிநரம்புக் கேளாமை. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உட்செவியோ, அதை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்போ, அறியாத காரணத்தால் ஓரிரு நாளில் செயலிழப்பது. இரண்டு செவிகளிலும் ஒரே சுரம் வெவ்வேறு உயரத்தில் கேட்பதும் இதன் ஒரு விளைவே. பலர் இதைச் சளி என்றோ அடைப்பு என்றோ எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களாம். சுருதிப் பெட்டியைப் பழுதுபார்க்க அனுப்பியவரை இதற்குமுன் பார்த்ததில்லை என்றார் மருத்துவர்.

"மொத நாளே வந்திருந்தா நல்லது. இப்பவும் லேட்டுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொன்னதன் முற்பகுதியை நானும் பிற்பகுதியை என் கணவரும் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

மருந்து ஸ்டீராய்டு. எனக்கு நீரிழிவு இருப்பதால், அந்த மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிக்கவேண்டும் என்றார்கள். செலவை என் கணவரின் அலுவலகக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு கவலை இல்லாததால், மற்றக் கவலைக்கு இடம் தாராளமாக இருந்தது.

இரு கட்டில் அறை. பக்கத்துக் கட்டிலில் தனம் என்ற பெண்மணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். காதுக்குப் பின்னால் எலும்பில் அறுவை செய்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கைப்பேசியைத் தலையணைமேல் வைத்துப் பழைய திரைப்பாடல்களை அறை அதிரும்படி ஒலிக்கவிடுவார்.

"அக்கா, சவுண்ட கொறைங்க. பக்கத்துல பேஷண்ட் இருக்காங்க" என்றார் செவிலி.

"கொறச்சா எனுக்கு இன்னாத்த கேக்கும்? டீச்சருக்காச்சும் ஒரு காது கீது. எனுக்கு ரெண்டும் அவுட்டு." பிறகு என்னைப் பார்த்தார். "உனுக்கு இன்னா டீச்சர், திடீர்னு பூட்சாமே?"

"ஆமாங்க. ஒரு பக்கம்."

"ஒரு பக்கந்தான? அதுக்கா இப்டி மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? ஏலத்துல எதுக்க கீறவன் இன்னா வெல கேக்கறான்னே எனுக்குக் கேக்காது. அவன் வாயப் பாத்து ஏத்திவுடுவேன். ஒரு தபா அவன் கொட்டாவி வுட்டதுக்கும் சேத்து ஏத்திட்டேன்."

நான் சிரித்தேன். அறைக்குள் வந்த கயல் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் சிரித்து ஒரு வாரமாகிறது என்று பிறகு சொன்னாள்.

கயல் சிறுசேரியிலிருந்து அலுவலக வண்டியில் பாதி வழி, பேருந்தில் மீதி வழி என்று வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் என் கைப்பேசியை வாங்கி ஏதோ மாற்றிக் கொடுத்தாள். "அம்மா, ரெக்கார்டிங்ல வயலின் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்னு பிரிச்சி வெச்சிருப்பாங்க. ஒரு காதுல கேட்டா பாதி போயிடும். இப்ப எல்லாத்தையும் ஒரே பக்கமா சேத்துட்டேன். இடது காதுல மாட்டிக்கோ, எல்லாமே வரும்." பேருந்தில் இத்தனை ஆண்டுகள் நான் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஒலிப்பானைச் செருகிக்கொள்ளவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்றார்கள். காந்தப்புலத்தைக் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறை. செவிநரம்பில் கட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பெரும்பாலும் புற்றல்லாத கட்டிதான், அதுவும் மிகச் சிலருக்குத்தான் என்று மருத்துவர் சொன்னார். "கட்டி" என்ற சொல்லுக்குப் பின் அவர் சொன்ன எதுவும் எனக்குள் இறங்கவில்லை. என் கணவர்தான் மீண்டும் சொன்னார். காத்திருப்புக் கூடத்தில் இடச்செவி கதவுப்பக்கம் இருக்கும்படி இருக்கையைத் தேடி உட்கார்ந்தேன். அப்படியும் என் பெயரை அழைத்தது எந்தத் திசையிலிருந்து என்று தெரியவில்லை. ஒற்றைச் செவிக்கு ஒலி வரும், திசை வராது. எழுந்து தவறான கதவை நோக்கி நடந்தேன். கயல் ஓடிவந்து கையைப் பிடித்துத் திருப்பினாள்.

படத்தில் கட்டி இல்லை. கயல் அழுதாள். நானும் அழுதேன். சிறிது கழித்து, "அப்ப இது எதனால டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியலம்மா. நெறைய பேருக்குத் தெரியறதில்ல" என்றார். ஆறுதல் அரைமணிகூட நிற்கவில்லை.

மாத்திரையால் மட்டும் போதிய முன்னேற்றம் இல்லை என்று, செவிப்பறை வழியாகவே மருந்தை உள்ளே செலுத்தினார்கள். முதலில் செவிப்பறையை மரத்துப்போகச் செய்கிறார்கள், மெல்லிய ஊசி, கொஞ்சம் எரிச்சல், அறை ஒருமுறை சுழன்று நிற்கும். வலியைவிடக் கடினமானது அதன் பிறகு. வலச்செவி மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, பேசாமல், எச்சில் விழுங்காமல் கிடக்கவேண்டும். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருந்தது. கேட்கிற செவி தலையணையில் புதைந்திருந்தது. கேளாத செவியில் மருந்து நிறைந்திருந்தது. ஆகவே எனக்கு எதுவுமே கேட்கவில்லை. தனத்தின் பாட்டு இல்லை. தரை துடைக்கும் வாளி உருளும் ஓசை இல்லை. ஓர் இரைச்சல் மட்டும், அதுவும் வெளியே இருந்து வந்ததன்று. இனி இதுதான் என்றால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். விழுங்கக்கூடாது என்று நினைக்க நினைக்க வாயில் எச்சில் ஊறியது.

அப்போது என் மணிக்கட்டில் ஒரு விரல் தட்டியது. என் கணவர். தட்டிக்கொண்டே இருந்தார். அதில் எந்தத் தாளமும் இல்லை. மூன்று தட்டுவார், நிறுத்துவார், இரண்டு தட்டுவார், பிறகு அவசரமாக ஐந்து. ஒரு தாளச் சுற்று, ஓர் ஆவர்த்தனம்கூட நிறைவடையவில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்று என்னால் கணிக்கவே முடியவில்லை; அதனால் கவனம் முழுதும் அந்த விரலின்மேல் போய்விட்டது. எழுந்ததும் ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன். "நீ பயந்துட்டேன்னு கண்ணப் பாத்தா தெரிஞ்சுது. வேற என்ன பண்றது?" என்றார். அடுத்த ஊசிகளின்போதும் தட்டினார். அப்போதும் தாளத்துக்கு வரவில்லை.

தனம் ஒருநாள் கேட்டார்: "இன்னா டீச்சர், பாட்டுப் பைத்தியம்னு உன் பொண்ணு சொல்லுது. வந்ததுலேர்ந்து ஒரு பாட்டுகூட நீ கேட்டு நான் பாக்கலியே?"

சொல்லத் தயங்கினேன். பிறகு சொன்னேன்: எனக்கு மிகவும் வேண்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. இந்தக் காதோடு அதைக் கேட்டால், கெட்டுப்போன அந்த ஒலியே நினைவில் படிந்துவிடும். நல்லதாகக் கேட்டது மறந்துபோகும். அந்தப் பயத்தில் எதையுமே கேட்கவில்லை.

அவர் கட்டுப் போட்ட தலையை முழுதாக என் பக்கம் திருப்பினார். "பாட்டு இன்னா வஞ்சரமா, வெளிய வெச்சா நாறிப் போறதுக்கு? ஐஸ்ல போட்டு எத்தினி நாளு வெச்சிகினு இருப்ப?"

"அப்படி இல்லீங்க..."

"எப்டியோ போ. நீ கேக்காங்காட்டி எனுக்கு இன்னா? நான் கேக்கறேன்" என்று அவர் தம் கைப்பேசியை இன்னும் உரக்க வைத்தார்.

நித்யாவுக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். சுருதி அவரிடம் சரியாகவே இருந்தது, பிழை என் செவியில்தான் என்று தெளிவாக எழுதினேன். குரல்பதிவாக மறுமொழி வந்தது. இடச்செவியில் கேட்டேன், கயலும் கேட்டாள். "மேடம், ஒடம்பப் பாத்துக்கோங்க. உண்மையச் சொல்லணும்னா, அன்னிக்கு நீங்க தலையாட்டறதுக்காக நான் தம்பூராவ நெஜமாவே மாத்திட்டேன். அதுக்கப்பறம் எது சரின்னு எனக்கே தெரியல. ஒரு வாரமா வீட்ல எல்லாரையும் கேட்டுட்டிருந்தேன். இப்பதான் தூக்கம் வரும் போல இருக்கு." கயல் அதை மீண்டும் ஒருமுறை கேட்கலாமா என்றாள். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மறுபடி சோதனை. கீழ்ச்சுரங்களின் கோடு பாதிக்குமேல் எழுந்திருந்தது. மேல்சுரங்களின் கோடு கொஞ்சமே. பேச்சு புரிகிறது, பெயரைச் சொன்னால் கேட்கிறது. இரண்டு சுருதிகளும் நெருங்கியிருக்கின்றன, ஒன்றாகவில்லை. மருத்துவர், "பாட்டு கேளுங்கம்மா, நிறுத்தாதீங்க. அளவா, மெதுவான சத்தத்துல. கேக்காத காத சும்மா விட்டா அது இன்னும் சோம்பேறி ஆயிடும்" என்றார். என் கணவர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததிலிருந்து அவர் எப்போதும் என் இடப்பக்கமாகவே நடக்கிறார். காரில் மட்டும் என்னைப் பின்னிருக்கையில் வலக்கோடியில், தமக்கு நேர்பின்னே உட்காரச் சொல்கிறார். அங்கிருந்தால் அவர் குரல் எனக்கு நேராக வரும் என்பது அவர் கணக்கு. ஏதோ வாடகை வண்டி என்று சாலையில் பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்தபின்னும் அந்தப் பாட்டைத் தொடவில்லை. வேறு பாட்டுகளை, எனக்கு அவ்வளவு வேண்டாதவற்றை, முதலில் கேட்டுப் பார்த்தேன். சிலவற்றில் இரட்டைக் குரல் தெரிந்தது; சிலவற்றில் தெரியவில்லை. விடுமுறைகள் பல கழிந்தன. கேட்டால் கெடும் என்பது ஓர் அச்சம். இப்படியே கேளாமல் இருந்தால், இடச்செவிக்கும் ஏதேனும் நேர்ந்து, கேட்கவே முடியாமற்போகும் என்பது மற்றோர் அச்சம். சென்ற மாதம் ஒரு பிற்பகல், இரண்டாவது அச்சம் முதலாவதைவிடப் பெரிதாயிற்று.

என் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரை அருகில் இருக்கச் சொல்லிவிட்டு, பாட்டை ஒலிக்கவிட்டேன். இடச்செவியை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டேன். தீங்கு நேர்வதானால் முழுதாகவே நேரட்டும் என்று எண்ணினேன். ஆனந்தபைரவி என்று தெரிந்தது. சொற்கள் பாதி தெரிந்தன. குரல் எனக்கு அறிமுகமில்லாதது. மெலிந்து, உயரம் தப்பி, கதவுக்கு அப்பால் யாரோ பாடுவதுபோல். பல்லவி முடியும்வரை பொறுத்தேன். பிறகு கையை எடுத்தேன். நான் அறிந்த குரல் வந்து சேர்ந்தது. மற்றக் குரல் போய்விடவில்லை. இருவரும் ஒரே பாட்டை, விரலளவு விலகி நின்று பாடினார்கள். நிறுத்திவிடலாம் என்று கை இருமுறை போயிற்று. நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டேன். நான் அழவில்லை என்று என் கணவர் சொல்கிறார்.

இனித் தெரியாதவை. இந்நோய் எனக்கு ஏன் வந்தது என்று தெரியாது. வலச்செவியில் மட்டும் ஒலிப்பானைச் செருகிய பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்றார் மருத்துவர். இல்லை என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றார். சுருதிப் பெட்டியைக் குறைகூறிக் கழித்த அந்த ஒரு வாரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால் முழுதும் திரும்பியிருக்குமா, தெரியாது. மேல்சுரங்கள் இன்னும் மீளுமா, இவ்வளவில் நின்றுவிடுமா, அடுத்த சோதனைவரை தெரியாது. இடச்செவி இப்படியே இருக்குமா, யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டை இப்போது மனத்துக்குள் நினைத்துப் பார்க்கிறேன். அங்கே ஒரு குரல்தான் பாடுகிறது. அது முன்பு கேட்ட குரலா, அன்று பிற்பகல் கேட்ட குரலா என்பதும் எனக்குத் தெரியவில்லை.